பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து அறைக் கணினி ஏன் வருவதில்லை? உள்வலைப் பெயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி வட்டாரத்தில் கடைகளுக்கும் ரைஸ் மில்களுக்கும் பள்ளிகளுக்கும் கணினி இணைப்பு போட்டுத் தருவது என் தொழில். பிரிண்டர் தெரியவில்லை, சர்வர் திறக்கவில்லை, நேற்று இருந்த கணினி இன்று இல்லை என்று வாரம் தவறாமல் போன் வரும். போய்ப் பார்த்தால் கேபிள் நன்றாக இருக்கும், வைஃபையும் முழுக் கோடு காட்டும். ஒரு சாதனம் இன்னொன்றை எந்தப் பெயரால், எந்த எண்ணால் தேடுகிறது என்ற இடத்தில்தான் கோளாறு இருக்கும். இது புரியாததால் நல்ல பிரிண்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

"கரண்ட் போய் வந்தா பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது அண்ணே. பிரிண்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அப்புறம் ஏன்?"

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். தை மாதம், சம்பா அறுவடை நேரம். எடைமேடைக்கு வெளியே நெல் வண்டிகள் சாலை வரை நின்றன. ரசீது அச்சாகவில்லை. பில் போடும் கணினி, பிரிண்டரை 192.168.1.5 என்ற எண்ணால் நினைவில் வைத்திருந்தது. முந்தைய இரவு கரண்ட் போனபோது ரவுட்டரும் அணைந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் தானே எழுந்துவிட்டது. பிரிண்டரின் ஸ்விட்சைக் காலையில்தான் போட்டார்கள். அதற்குள் மில்லில் இரவு தங்கிய லாரி டிரைவர் ஒருவரின் கைபேசி வைஃபையில் சேர்ந்து 5ஐ வாங்கிக்கொண்டது. காலையில் வந்த பிரிண்டருக்கு 9 கிடைத்தது. பில் கணினி அன்று காலை முழுக்க அந்தக் கைபேசியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

எண் கொடுப்பது ரவுட்டரின் வேலை. அந்த முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். யார் வந்து கேட்டாலும் காலியாக இருக்கும் எண் ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு விடும். விலை குறைந்த பல ரவுட்டர்கள் இந்தக் குத்தகைக் கணக்கைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன. கரண்ட் போனால் கணக்கும் போகும். சாதனங்கள் பெரும்பாலும் "பழைய எண்ணே கொடு" என்றுதான் கேட்கும், காலியாக இருந்தால் அதுவே கிடைக்கும். அதனால்தான் இந்தக் கோளாறு ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் வராமல், வண்டி வரிசை கட்டி நிற்கிற அன்றைக்கு வந்து சேர்கிறது.

இதற்கு நிரந்தரத் தீர்வு இரண்டு. ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற இடத்தில் பிரிண்டருக்கு ஓர் எண்ணைப் பட்டா போடுவது போல எழுதி வைப்பது ஒன்று. பில் கணினியில் பிரிண்டரை எண்ணால் சேர்க்காமல் பெயரால் சேர்ப்பது இன்னொன்று. நான் இரண்டையும் செய்வேன்.

எண்ணே இருக்கும்போது பெயர் எதற்கு?

எண் மாறும் என்பதற்காக. பெயர் மாறாமல் நிற்க, அந்தப் பெயருக்கு இன்றைய எண் எது என்று யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் முழுக்க அந்த "யாரோ ஒருவர்" யார் என்பதைப் பற்றித்தான்.

எண்ணுக்குக் கீழே இன்னொரு முகவரியும் உண்டு: நெட்வொர்க் கார்டு செய்யப்படும்போதே பொறிக்கப்படும் மேக் முகவரி. 192.168.1.9 எண்ணை வைத்திருக்கும் கார்டு எது என்று கேட்டு அறியும் முறை ஏஆர்பி. 1982இல் வரையறுக்கப்பட்டு இன்றும் அப்படியே ஓடுகிறது. ஆக, பெயரிலிருந்து எண், எண்ணிலிருந்து கார்டு என்று இரண்டு படி. இரண்டாவது படியில் தகராறு வருவது அபூர்வம்.

பெயரைக் கேட்டால் பதில் சொல்வது யார்? ஒரே இடம் இல்லையா?

இல்லை. குழப்பத்துக்கு மூல காரணமே அதுதான். ஒரு பெயரை நீங்கள் அடித்ததும் விண்டோஸ் கணினி முதலில் அது தன்னுடைய பெயர்தானா என்று பார்க்கும். அடுத்து தன்னிடமே இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும், சற்று முன் கேட்டு ஞாபகம் வைத்திருக்கும் பதில்களிலும் தேடும். அங்கே இல்லையென்றால், பெயருக்கு எண் சொல்வதையே வேலையாகக் கொண்ட டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். சின்னக் கடைகளில் அது பெரும்பாலும் ரவுட்டர்தான். அங்கேயும் கிடைக்காவிட்டால், "இந்தப் பெயர்க்காரர் இங்கே யார்?" என்று வலை முழுவதற்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுக்கும். அப்படிக் குரல் கொடுக்க மூன்று மொழிகள் உண்டு: எம்டிஎன்எஸ், எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ்.

ஊரில் ஒருவர் வீட்டைத் தேடிப் போகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். முதலில் சட்டைப்பையில் இருக்கும் சீட்டைப் பார்ப்பார், பிறகு விஏஓ ஆபீசில் விசாரிப்பார், அதுவும் ஆகாவிட்டால் தெருமுனையில் நின்று சத்தமாகக் கேட்பார். சீட்டு பழையதாக இருக்கலாம். ஆபீஸ் பதிவேட்டில் ஆள் இல்லாமல் போகலாம். தெருவில் கேட்டால் அடுத்த தெருவுக்குக் காது கேட்காது. ஒரு பெயர் கிடைக்காதபோது "நெட்வொர்க் போச்சு" என்று சொல்லாமல், "இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர் யார்?" என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

லினக்ஸில் இந்த வரிசையை ஈடிசி ஃபோல்டரில் உள்ள என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் நீங்களே பார்க்கலாம், மாற்றலாம். வரிசை கண்ணுக்குத் தெரிவதால், இந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு நான் லினக்ஸையே சொல்வேன்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு என்றால் என்ன? அதில் எழுதிவிட்டால் போதாதா?

இந்த வேலைக்கு வந்த முதல் முறையே அதுதான். இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில், உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு பெயர்ப்பட்டியல் கோப்பு இருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்ப்பவர்கள் அந்தக் குழுவிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் புதுப்பித்த கோப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியதும் ஒரே கோப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ், பொறுப்பைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

அந்தக் கோப்பின் வாரிசு இன்றும் உங்கள் கணினியில் இருக்கிறது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில், வால் எழுத்து எதுவும் இல்லாமல் நிற்கும். ஒரு வரியில் எண், இடைவெளி, பெயர், அவ்வளவுதான். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேமிக்க விடும்.

இரண்டு மூன்று கணினி உள்ள கடைக்கு இது போதும். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக எழுத வேண்டும். எண் மாறினால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். கோப்பில் எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அடுத்து வந்தவருக்கு இது இருப்பதே தெரியாது. சர்வரை மாற்றிய பிறகும் ஒரே ஒரு கணினி மட்டும் பழைய இடத்துக்கே போனால், முதலில் இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். பெயர் ஒன்று புரியாமல் அடம்பிடிக்கும் இடங்களில் நான் முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

மழைக்காலத்தில் கேபிள் அறுந்து இன்டர்நெட் போய்விட்டால், உள்ளே இருக்கும் கணினிகளின் பெயரும் வேலை செய்யாதா?

வேலை செய்ய வேண்டும். வேலை செய்யவில்லையென்றால் எங்கோ தவறாக அமைத்திருக்கிறீர்கள்.

டெல்டாவில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்டும் இணைப்பும் இல்லாமல் கிடந்த ஊர்கள் எத்தனையோ. ஜெனரேட்டர் வைத்துக் கடையைத் திறந்தவர்களுக்கு இன்டர்நெட் இல்லை, ஆனால் பில் போட்டாக வேண்டும். ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் கரண்ட் இருந்தால் உள்ளே எல்லாமே ஓடும்.

ஓடாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இது: கணினியில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று கையால் போட்டு வைத்திருப்பார்கள். அது கூகுளின் பொது டிஎன்எஸ். உங்கள் குடோன் கணினியின் பெயர் அதற்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ரவுட்டர் தான் எண் கொடுத்த சாதனங்களின் பெயர்களைத் தானே பதிந்து வைத்து, கேட்டால் சொல்லும் வகையாக இருந்தால், நீங்கள் அந்த உதவியைத் தள்ளிவிட்டு வெளியூரில் விசாரிக்கிறீர்கள். டிஎன்எஸ்ஸைத் தானியங்கியாகவே விடுங்கள். கூகுள் டிஎன்எஸ் வேண்டுமென்றால் அதை ரவுட்டருக்குள் போடுங்கள்.

கணக்கு டேட்டா ஃபோல்டரை எண்ணால் இணைத்திருப்பவர்கள் ரவுட்டரை மாற்றும்போதும் இதே பாடு படுவார்கள். பழைய ரவுட்டர் 192.168.1 வரிசை, புதியது 192.168.0 வரிசை, எல்லா இணைப்பும் அறுந்துவிடும்.

சில பெயர்களுக்குப் பின்னால் "புள்ளி லோக்கல்" என்று வருகிறதே, அது என்ன?

அது எம்டிஎன்எஸ் முறையின் அடையாளம். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும், காரணம் சொல்கிறேன்.

இதில் பட்டியல் எதுவும் கிடையாது, பொறுப்பாளர் எவரும் கிடையாது. ஒவ்வொரு சாதனமும் தன் பெயருக்குத் தானே பொறுப்பு. "பிரிண்டர் புள்ளி லோக்கல் யார்?" என்ற கேள்வியை ஒரு கணினி 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு அனுப்பும். அந்த முகவரிக்குக் காது கொடுக்கும் எல்லாச் சாதனங்களுக்கும் அது கேட்கும்; அந்தப் பெயருடையது மட்டும் "நான்தான், என் எண் 9" என்று சொல்லும். பதிலும் பொதுவில் போவதால் மற்றவையும் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும். பெயருக்கான பதில் வழக்கமாக 120 நொடிக்குச் செல்லுபடியாகும், அதற்குப் பிறகு மறுபடி கேட்க வேண்டும். எண் மாறினாலும் சிறிது நேரத்தில் எல்லாரும் புதிய எண்ணுக்கு வந்துவிடுவது இதனால்தான்.

ஒரு சாதனம் வலைக்குள் நுழையும்போது நேராகப் பெயரை எடுத்துக்கொள்வதும் இல்லை. "இந்தப் பெயரை யாராவது வைத்திருக்கிறீர்களா?" என்று கால் நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்கும். யாரும் மறுக்காவிட்டால்தான் தனதென்று அறிவிக்கும். யாராவது "என்னுடையது" என்றால் தன் பெயருக்குப் பின்னால் 2 சேர்த்துக்கொண்டு மறுபடி கேட்கும். உங்கள் பிரிண்டர் பெயருக்குப் பின்னால் திடீரென்று 2 முளைத்திருந்தால் காரணம் இதுதான்.

ஆப்பிள் நிறுவனம் 2002இல் ராண்டெவூ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2005இல் பான்ஜூர் என்று பெயர் மாற்றியது. ஸ்டூவர்ட் செஷையரும் மார்க் குரோச்மாலும் எழுதிய பொதுத் தரம் 2013இல் வெளியானது. லினக்ஸில் அவாஹி என்ற நிரல் இதைச் செய்கிறது. விண்டோஸ் 10 முதல் விண்டோஸிலும் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் வாங்கும் வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை இதைப் பேசும். பிரிண்டரின் அமைப்புத் தாளை அச்சிட்டால் அதன் லோக்கல் பெயர் அதிலேயே இருக்கும்.

எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ்?

இரண்டும் பழைய ஏற்பாடுகள். நெட்பயாஸ் 1983இல் ஐபிஎம் கணினிகளுக்காக வந்தது. அதில் பெயருக்கு 16 இடம். கடைசி இடம் சேவையின் வகையைக் குறிக்க ஒதுக்கப்பட்டதால் நமக்கு மிச்சம் 15. புதிதாக விண்டோஸ் போட்ட கணினிக்கு "டெஸ்க்டாப்", ஒரு கோடு, பிறகு ஏழு எழுத்துகள் என்று தானாகப் பெயர் வருகிறதே, அதை ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கள்: ஏழும் ஒன்றும் ஏழும் சேர்ந்து சரியாக 15. நாற்பது வருடத்துக்கு முந்தைய அளவுகோல் இன்றும் உங்கள் மேசையில் நிற்கிறது. 15ஐத் தாண்டிப் பெயர் வைத்தால் இந்த முறையில் வால் வெட்டுப்படும். முதல் 15 எழுத்து ஒன்றாக இருக்கும் இரண்டு கணினிகள் மோதிக்கொள்ளும்.

எல்எல்எம்என்ஆர் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. வேலை எம்டிஎன்எஸ் போன்றதுதான், பெயருக்குப் பின் லோக்கல் வேண்டாம். புதிதாக இதை நம்பி எதையும் அமைக்க வேண்டாம்.

"நெட்வொர்க் ஐகானைத் திறந்தா மத்த கணினி ஒண்ணுமே தெரியல சார். பேரை அடிச்சா மட்டும் திறக்குது. எப்படி?"

பட்டியல் காட்டுவது வேறு, பெயரைக் கேட்டுக் கண்டுபிடிப்பது வேறு. முன்பு அந்தப் பட்டியலைத் தயாரித்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையோடு ஒட்டி வந்த ஒரு சேவை. 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாகிரை வைரஸ் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி 1 தானாக வருவதில்லை. பழைய பட்டியலும் அதோடு போயிற்று. பட்டியல் வேண்டுமென்பதற்காகச் சிலர் எஸ்எம்பி 1ஐத் திரும்பப் போட்டுத் தருகிறார்கள். தயவுசெய்து போட விடாதீர்கள். மற்றக் கணினியில் சர்வீசஸ் பகுதிக்குப் போய் "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். வைஃபையைப் "பப்ளிக்" என்று விட்டிருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள். பெரும்பாலும் பட்டியலில் வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, பெயரை அடித்து ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளலாம்.

பிங் செய்தால் பெயர் கிடைக்கிறது. என்எஸ்லுக்கப் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்கிறது. எதை நம்புவது?

பிங், என்எஸ்லுக்கப் இரண்டும் கணினியில் அடிக்கும் கட்டளைகள், இரண்டும் உண்மைதான் சொல்கின்றன. என்எஸ்லுக்கப் டிஎன்எஸ் சர்வரை மட்டும் கேட்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறக்காது, தெருவில் குரல் கொடுக்காது. ஒரு சாதனம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் எல்லா வழியிலும் தேடும். எனவே பிங்கில் கிடைத்து என்எஸ்லுக்கப்பில் கிடைக்காத பெயர், டிஎன்எஸ்ஸுக்கு வெளியே எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். கோளாறு பார்க்கும்போது இந்த இரண்டையும் அடுத்தடுத்து அடிப்பது என் வழக்கம். பதில் சொல்வது யார் என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிங் காட்டும் எண்ணும் முக்கியம். பெயருக்குப் பக்கத்தில் எண் வந்து, ஆனால் பதில் வரவில்லையென்றால் பெயரில் குறையில்லை. அந்தச் சாதனமோ அதன் ஃபயர்வாலோதான் காரணம். எண்ணே தவறாக வந்தால் பழைய ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐபிகான்ஃபிக் கட்டளையில் "ஃபிளஷ்டிஎன்எஸ்" சேர்த்து அடித்து அதைத் துடையுங்கள்.

எண் 169.254 என்று ஆரம்பிக்கிறது. பெயரும் வேலை செய்யவில்லை.

எண் கொடுக்க யாரும் இல்லாததால் சாதனம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட எண் அது. பெயரை விடுங்கள், கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

கீழே கடை, மேலே வீடு. சிக்னல் போதாமல் மாடியில் இன்னொரு ரவுட்டர் வைத்தோம். மாடியிலிருந்து கடைக் கணினியின் பெயர் கிடைக்கவே இல்லை.

நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பங்கு இதுதான். இன்டர்நெட் கொடுத்தவர் வைத்த ரவுட்டர் ஒன்று. கடையில் வாங்கி வைத்தது இன்னொன்று. கீழே உள்ளவை ஒரு வரிசை எண்ணிலும் மாடியில் உள்ளவை வேறு வரிசையிலும் இருக்கும். அதாவது ஒரே வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள்.

நம் ஊர் வாய்க்கால் பார்த்தவர்களுக்கு இது சுலபம். ரவுட்டர் ஒரு மதகு. மாடியிலிருந்து கிளம்பும் கோரிக்கை மதகைத் தாண்டிக் கீழே போகும், அதற்கான பதிலும் திரும்பி வரும். கீழே இருப்பவர் தாமாக மாடிக்குள் நுழைய முடியாது. அதைவிட முக்கியம், தெருவில் கொடுக்கும் குரல் எந்தப் பக்கமும் மதகைத் தாண்டாது. எம்டிஎன்எஸ், எல்எல்எம்என்ஆர், நெட்பயாஸ் மூன்றுக்கும் எல்லை அந்த ரவுட்டரோடு சரி. எனவே மாடியிலிருந்து கடைக் கணினியை எண்ணால் திறக்கலாம், பெயரால் முடியாது.

செய்ய வேண்டியது: மாடி ரவுட்டரை, தனி வலை அமைக்காமல் வைஃபையை மட்டும் நீட்டித் தரும் "ஆக்சஸ் பாயிண்ட்" நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், முதலில் அதன் சொந்த எண்ணைக் கீழ் வரிசையில் யாருக்கும் கிடைக்காத ஓர் எண்ணாக மாற்றுங்கள். பிறகு அதில் டிஎச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளை அதன் வேன் துளையிலிருந்து (இன்டர்நெட் கேபிளுக்கானது) எடுத்து லேன் துளையில் (உள்கணினிகளுக்கானது) சொருகுங்கள். இந்த வரிசை மாறினால் உங்களாலேயே அந்த ரவுட்டருக்குள் நுழைய முடியாமல் போகலாம்.

ஒரே ரவுட்டராக இருந்தும் பெயர் கிடைக்கவில்லையா? கெஸ்ட் வைஃபையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் ஒரு சாதனத்துக்கு இன்னொன்று தெரியாதபடி வேண்டுமென்றே சுவர் எழுப்பியிருப்பார்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

பள்ளி மாணவர்கள் கேட்கும் கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதில் இரண்டாகப் பிரியும்.

கணினிக்கு வைக்கும் பெயர், அதாவது ஹோஸ்ட்நேம், ஆங்கில எழுத்து, இலக்கம், நடுவில் கோடு இவற்றோடு நிற்பதே நல்லது. அடிக்கோடும் கூடாது. டிஎன்எஸ்ஸில் தமிழ் வரும்போதும் உள்ளுக்குள் அது ஆங்கில எழுத்துக் குறியாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கிறது; "புள்ளி இந்தியா" என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிகள் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் சின்ன ரவுட்டர்களும் பழைய பிரிண்டர்களும் இந்த மாற்றத்துக்குத் தயாராக இருக்காது.

சேவைக்கு வைக்கும் பெயர் வேறு. கைபேசியில் "அச்சிடு" என்றதும் வரும் பட்டியலில் தெரிகிற பெயர் அது. எம்டிஎன்எஸ்ஸோடு சேர்ந்து இயங்கும் சேவை அறிவிப்பு முறையில் அந்தப் பெயர் யூனிகோடில் இருக்கலாம், இடைவெளியும் விடலாம். தாராளமாகத் தமிழில் வையுங்கள். கட்டுப்பாடு ஒன்றுதான்: 63 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். "பிரிண்டர்" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி, மொத்தம் ஒன்பது குறி, 27 பைட். "கும்பகோணம்" 30 பைட். இரண்டையும் ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்தால் 58. இன்னும் ஒரு சொல் சேர்க்க இடமில்லை.

நுணுக்கம் ஒன்றும் உண்டு. "கோ" என்பதில் வரும் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடும் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தவறினால், கண்ணெதிரே இருக்கும் பெயரையே "இல்லை" என்று சொல்லும். தமிழில் தேடல் எழுதுகிற பிள்ளைகள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் என்ன பெயர் வைப்பது?

வேலையைச் சொல்லும் பெயர்: கல்லா, எடை, குடோன், ஆபீஸ். ஆள் பெயர் வேண்டாம். ஆள் மாறுவார், இடம் மாறாது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். "கிடங்கு" என்பதை நாலு பேரிடம் அடிக்கச் சொன்னால் நாலு விதமாக அடிப்பார்கள். எனவே ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய குட்டிச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதே எழுத்தில் ஒரு சீட்டு எழுதி அந்தக் கணினி மேலேயே ஒட்டுங்கள். பக்கத்தில் தமிழிலும் எழுதுங்கள். கடையில் புதிதாகச் சேரும் பிள்ளை போனில் "எடை கணினி வரல அண்ணே" என்று சொன்னால் எனக்கு அங்கேயே பாதி புரிந்துவிடும்.

பள்ளி லேபில் இருபது கணினியும் ஒரே பெயரில் இருக்கின்றன.

ஒரு கணினியைத் தயார் செய்து அதன் டிஸ்க்கை மற்றவற்றுக்குப் படியெடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வேறு வழியில்லை. இனிமேல் படியெடுப்பதாக இருந்தால், விண்டோஸோடு வரும் சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டிவிட்டு எடுங்கள். ஒவ்வொன்றும் எழும்போது புதுப் பெயர் வாங்கிக்கொள்ளும்.

கைபேசியில் பெயரை அடித்தால் கூகுள் தேடலுக்குப் போகிறது.

ஒற்றைச் சொல்லைப் பிரவுசர் தேடல் என்று எடுத்துக்கொள்கிறது. பெயருக்குப் பின் ஒரு சாய்கோடு சேர்த்து அடியுங்கள். அதன் பிறகும் கிடைக்காவிட்டால், "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற இடத்தில் யாராவது வேறு சர்வர் பெயர் போட்டிருக்கிறார்களா, விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள்; இரண்டும் உங்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போய்க் கேட்பவை. பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் லோக்கல் பெயர்கள் பிரவுசரில் திறக்காது. ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்வலையைத் தேட ஒவ்வொரு செயலிக்கும் நீங்கள் அனுமதி தர வேண்டும். "வேண்டாம்" என்று ஒருமுறை தட்டியிருந்தால் செட்டிங்ஸில் போய்த் திருத்துங்கள்.

குரல் கொடுத்துக் கேட்கும்போது வேறு யாராவது "நான்தான்" என்று பொய் சொன்னால்?

சொல்லலாம். அந்த முறைகளில் சொல்பவர் யார் என்று சரிபார்க்க வழியே இல்லை. ஒருவர் சர்வர் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாலே போதும். டிஎன்எஸ்ஸில் இல்லை என்றதும் கணினி தெருவில் குரல் கொடுக்கும். அதே வலையில் காத்திருக்கும் ஒருவர் "ஆமாம், நான்தான்" என்பார். உங்கள் கணினி உள்நுழைவுக்கான மறைக்குறியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். கடவுச்சொல் எளிதானதாக இருந்தால் அதிலிருந்து உடைத்து எடுத்துவிடலாம். இதற்கென்றே இலவசக் கருவிகள் இருக்கின்றன.

இது எங்கோ பெரிய கம்பெனிக்கு மட்டும் நடப்பதல்ல. ஜெராக்ஸ் கடை, மெடிக்கல், திருமண மண்டபம் எங்கும் வாடிக்கையாளருக்கு வைஃபை கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே வைஃபையில்தான் கணக்குக் கணினியும் இருக்கிறது. வெளியார் எல்லாரையும் கெஸ்ட் வைஃபைக்கு அனுப்புங்கள், இன்றைக்கே. விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் "டர்ன் ஆஃப் மல்டிகாஸ்ட் நேம் ரெசல்யூஷன்" என்பதை இயக்கி எல்எல்எம்என்ஆரை நிறுத்தலாம். நெட்வொர்க் கார்டின் டிசிபி ஐபி அமைப்பில் வின்ஸ் பக்கத்துக்குப் போய் நெட்பயாஸையும் நிறுத்தலாம்; மிகப் பழைய எந்திரம் எதுவும் அதை நம்பி இல்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எங்கள் கடைக்குத் தனி டிஎன்எஸ் சர்வர் வேண்டுமா?

பத்துப் பதினைந்து சாதனம் வரை வேண்டாம். சர்வர், பிரிண்டர், கேமரா பெட்டி, எடைமேடைக் கணினி ஆகியவற்றுக்கு ரவுட்டரில் எண் ஒதுக்கீடு. எல்லாவற்றுக்கும் ஒழுங்கான பெயர். அந்தப் பட்டியல் ஒரு தாளில், ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் குத்தகைக் கணக்கும் தப்பும்.

கிளைகள் இருந்தாலோ, பள்ளி லேப் போல ஐம்பது கணினி இருந்தாலோ வையுங்கள். அப்போது உள்வலைக்கு ஒரு குடும்பப்பெயர், அதாவது எல்லாக் கணினிப் பெயர்களுக்கும் பின்னால் வரும் பொதுவான முடிவு, தேவைப்படும். பலர் லோக்கல் என்றே போடுகிறார்கள். அது எம்டிஎன்எஸ்ஸுக்கு உரியது, இரண்டும் மோதும். வீடுகளுக்கென்று "ஹோம் புள்ளி ஆர்பா" 2018 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. "இன்டர்னல்" என்ற முடிவை உள்வலைகளின் பயன்பாட்டுக்கென்றே, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024இல் ஒதுக்கியது. வெளி இணையத்தில் அது யாருக்கும் விற்கப்படாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இப்போது போட்டுத் தருவது அதுதான்.